ஐந்து சதவீதம் யார் கைக்கு வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்: கேஷ்பேக் கார்டா, ரிவார்டு கார்டா

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டின் நாலு மூலையிலிருந்தும் கிரெடிட் கார்டு பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். கீழே வரும் கட்டணமும் வட்டியும் இன்று சந்தையில் வழக்கமாக இருப்பவை. உங்கள் கார்டின் எண்களை அதன் கட்டண அட்டவணையில் பார்த்து, இதே கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் இரண்டு கார்டு காட்டுகிறார்கள். ஒன்று, ஆன்லைனில் 5 சதவீதம், கடையில் 1 சதவீதம் கேஷ்பேக். ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். வருஷம் 2 லட்சம் செலவு செய்தால் கட்டணம் இல்லை. இன்னொன்று, 150 ரூபாய்க்கு 4 ரிவார்டு பாயின்ட், கட்டணம் 2,500, 4 லட்சம் தாண்டினால் கட்டணம் இல்லை, ஏர்போர்ட் லவுஞ்ச் உண்டு. என் மாதச் செலவு: மளிகை 9,000, ஆன்லைன் 6,000, பெட்ரோல் 3,000, கரண்ட் – போன் – காஸ் 3,500, எல்ஐசி 4,000, துணி, மருந்து, ஹோட்டல் 4,500. ஆக 30,000. எது லாபம்?
— பள்ளி ஆசிரியை, காட்பாடி

பதில்: செலவைப் பிரித்து எழுதி அனுப்பியதற்கே பாதி மதிப்பெண். பெரும்பாலோர் மொத்தத்தை மட்டும் சொல்லி எது நல்லது என்று கேட்கிறார்கள். மொத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் கேஷ்பேக் கார்டு. இந்த வகைக் கார்டுகளில் பெட்ரோல், கரண்ட் – போன் – காஸ் பில், இன்சூரன்ஸ் மூன்றுக்கும் பெரும்பாலும் பைசா கிடையாது. உங்கள் பட்டியலில் 10,500 ரூபாய் அங்கேயே போய்விட்டது. மிச்சம் 19,500. ஆன்லைன் 6,000க்கு 5 சதவீதம், 300 ரூபாய். மளிகையும் இதரமும் 13,500. அதற்கு 1 சதவீதம், 135 ரூபாய். மாதம் 435, வருஷத்துக்கு 5,220. கட்டணம் 999 என்றாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,179 ஆகும். முதல் வருஷம் கையில் நிற்பது 4,041. இரண்டாம் வருஷம் கட்டணம் தள்ளுபடி ஆகுமா? விலக்கப்பட்ட செலவுகளைச் சில வங்கிகள் இந்த 2 லட்சத்திலும் சேர்க்காது. உங்களுக்கு அவற்றைக் கழித்தாலும் 2,34,000 வருகிறது. பயமில்லை.

அடுத்து ரிவார்டு கார்டு. இதில் பெட்ரோல் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பாயின்ட் உண்டு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 27,000 ரூபாய்க்கு மாதம் 720 பாயின்ட், வருஷம் 8,640. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு பாயின்ட் எத்தனை பைசா என்பது அதை எங்கே கொண்டுபோய் மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த ரகக் கார்டுகளில் விமானம், ஓட்டலுக்கு மாற்றினால் 50 பைசா, வங்கியின் பொருள் பட்டியலில் எடுத்தால் 35 பைசா, பில்லிலேயே கழித்துக்கொண்டால் 20 பைசா என்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அதே 8,640 பாயின்ட் 4,320 ரூபாயாகவும் இருக்கலாம், 3,024 ஆகவும் இருக்கலாம், 1,728 ஆகவும் இருக்கலாம். கட்டணம் ஜிஎஸ்டியோடு 2,950. உங்கள் வருஷச் செலவு 3,60,000. 4 லட்சத்தைத் தொடவில்லை, ஆகவே தள்ளுபடி இல்லை. பில்லில் கழித்தால் 1,222 ரூபாய் நஷ்டம். ஃப்ளைட் டிக்கெட் எடுத்தால்தான் 1,370 லாபம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. '150 ரூபாய்க்கு 4' என்பது ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி. 290 ரூபாய் மருந்து வாங்கினால் ஒரே ஒரு 150தான் கணக்கு. மீதி 140 வீண். 140 ரூபாய் பில்லுக்கு ஒன்றுமே இல்லை. சில்லறை பில் அதிகமாகப் போடும் வீட்டில் நாம் போட்ட 720 பாயின்ட் ஒருநாளும் முழுசாக வராது.

லவுஞ்ச் விஷயம். நாம் வழக்கமாகப் போகும் விமான நிலையம் சென்னை. காட்பாடியிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வருஷத்தில் எத்தனை முறை அங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிடப் போகிறீர்கள்? அதோடு, முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்ற நிபந்தனையை இப்போது பல கார்டுகளில் போட்டுவிட்டார்கள்.

உங்களுக்குக் கேஷ்பேக் கார்டு. யோசிக்கவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும்.

கேள்வி: பெட்ரோல், கரண்ட் பில், இன்சூரன்ஸ் என்று தவிர்க்க முடியாத செலவுக்கெல்லாம் கேஷ்பேக் இல்லை என்கிறார்கள். அப்புறம் எதற்குத்தான் தருகிறார்கள்?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கோபம் நியாயமானது. காரணம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. நீங்கள் கடையில் 100 ரூபாய்க்குத் தேய்த்தால் கடைக்காரருக்கு ஏறக்குறைய 98, 98.50தான் போய்ச் சேரும். இடையில் நிற்கும் ஒன்றரை, இரண்டு ரூபாயில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. உங்கள் 1 சதவீதம் அதிலிருந்து வருகிறது. அரசுக் கட்டணம், மின்சாரம், கல்லூரி, பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் இந்த இடைப்பணம் மிகக் குறைவு. தர அங்கே காசே இல்லை.

சரி, 5 சதவீதம் எப்படித் தருகிறார்கள்? ஒன்று, அந்த ஆன்லைன் கடையே தன் பங்கைப் போடும். இரண்டு, மாத உச்சவரம்பு வைத்து வங்கி தன்னைக் காத்துக்கொள்ளும். மூன்று, பில்லை முழுசாகக் கட்டாதவர்களின் வட்டி. அந்த மூன்றாவது ஆளாக ஆகாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

கேள்வி: பஜாரில் பாதிக் கடையில் தேய்க்கிற மெஷினே கிடையாது, க்யூஆர் அட்டைதான். என் கார்டை ஜிபேயில் சேர்த்துக் கேஷ்பேக் வாங்க முடியுமா?
— அஞ்சல் துறை ஊழியர், வேலூர்

பதில்: உங்கள் கார்டு ரூபே கார்டாக இருந்தால் முடியும். விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளை யுபிஐயில் இணைக்க முடியாது. ரூபே கிரெடிட் கார்டுக்கு 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. செயலியில் பணம் செலுத்தும் முறைகள் பகுதிக்குப் போய் 'ரூபே கிரெடிட் கார்டு' என்பதைத் தொட்டு, வங்கியைத் தேர்ந்தெடுங்கள். கார்டுக்குக் கொடுத்த அதே மொபைல் எண்தான் போனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே நின்றுவிடும். கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம் – வருஷம், ஓடிபி, பிறகு புதிதாக ஒரு யுபிஐ பின். இது ஏடிஎம் பின் கிடையாது. சேமிப்புக் கணக்கின் யுபிஐ பின்னும் கிடையாது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி மூன்று முறை தவறாகப் போட்டு ஒருநாள் முழுக்கப் பூட்டிக்கொண்டவர்கள் நிறைய.

பணம் போகாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் தன் சொந்த எண்ணின் க்யூஆரை அச்சடித்து ஒட்டியிருந்தால், அது ஆளுக்கு ஆள் அனுப்புகிற பணமாகிவிடும். கிரெடிட் கார்டிலிருந்து போகாது. வணிகர் க்யூஆர் இருந்தால்தான் போகும். கீரைக்கடை, பூக்கடையில் பெரும்பாலும் சொந்த எண்தான். மளிகை, மெடிக்கல், பேக்கரியில் வணிகர் க்யூஆர் இருக்கும்.

சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை இதற்குக் கழிவு எதுவும் கிடையாது. அதற்கு மேல் போனால் அவருக்குப் பிடிப்பார்கள். 2,300 ரூபாய் பில்லுக்கு முகம் சுளிக்கிற அண்ணாச்சி 1,900 ரூபாய்க்குச் சிரித்துக்கொண்டே வாங்குவதன் ரகசியம் இதுதான். யுபிஐ வழியாகச் செய்யும் செலவுக்குச் சில கார்டுகளில் விகிதம் குறைவு, அல்லது தனி உச்சவரம்பு. கார்டு எடுக்கும் முன் இதைத் தனியாகக் கேளுங்கள். நம்ம ஊர்ச் செலவு பெரும்பாலும் இந்த வழியில்தான் போகப் போகிறது.

கேள்வி: ஆரணியில் கல்யாணப் பட்டு 40,000 ரூபாய்க்கு எடுத்தோம். கார்டு என்றதும் "ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்மா" என்றார்கள். கேஷ்பேக் வருமே என்று கொடுத்துவிட்டோம். சரிதானா?
— இல்லத்தரசி, போளூர்

பதில்: இரண்டு சதவீதம் 800 ரூபாய். கடையில் தேய்த்ததற்கு உங்களுக்கு வந்திருப்பது 1 சதவீதம், 400 ரூபாய். நானூறு ரூபாய் கொடுத்துக் கேஷ்பேக் வாங்கியிருக்கிறீர்கள்.

மெஷின் கொடுத்த வங்கியோடு போட்ட ஒப்பந்தப்படி, கார்டுக்கென்று மேலே வாங்கக் கூடாது என்பதே பொதுவான விதி. ஆனாலும் நகைக்கடை, பட்டுக்கடை, மொபைல் கடையில் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்டால் யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள். அடுத்த முறை, "கேஷா கொடுத்தா எவ்ளோ குறைப்பீங்க?" என்று முதலில் விலையைப் பேசி முடித்துவிட்டுப் பிறகு கார்டை எடுங்கள். நகைக்கு இன்னும் மோசம். பல கேஷ்பேக் கார்டுகள் நகைக்கடையை முழுசாகவே விலக்கி வைத்திருக்கின்றன.

கேள்வி: பண்டிகை ஆஃபரில் 60,000 ரூபாய்க்கு டிவி. 5 சதவீதக் கார்டில் வாங்கினால் 3,000 வருமா?
— தறி உரிமையாளர், குடியாத்தம்

பதில்: உச்சவரம்பைப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய்தான் அதிகபட்சம் என்றால் 20,000 ரூபாய்ச் செலவிலேயே அது நிரம்பிவிடும். மீதி 40,000க்குப் பூஜ்யமோ, 1 சதவீதமோ, கார்டைப் பொறுத்தது. இந்த மாதக் கணக்கு சில கார்டில் காலண்டர் மாதம், சிலதில் பில் சுற்று. 20ஆம் தேதி பில் போடும் கார்டில் 18ஆம் தேதி டிவியும் 22ஆம் தேதி வாஷிங் மெஷினும் எடுத்தால் இரண்டு உச்சவரம்பு கிடைக்கும்.

பண்டிகைக் காலத்தில் இதைவிட முக்கியம் உடனடித் தள்ளுபடி. ஒரு வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 என்று போட்டிருப்பார்கள். அப்போது நீங்கள் கட்டுவது 58,500. கேஷ்பேக் அந்தக் குறைந்த தொகைக்குத்தான், அதுவும் 1,000 வரை. மொத்தம் 2,500. வேறொரு வங்கியின் சாதாரணக் கார்டுக்கு அதே டிவியில் 4,000 உடனடித் தள்ளுபடி இருந்தால் அதுதான் நல்லது. உங்கள் கார்டுக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

இஎம்ஐயில் போட்டால் பல கார்டில் கேஷ்பேக் ரத்து. 'நோ காஸ்ட்' என்றாலும் வட்டியைத் தள்ளுபடியாக முன்னால் கழித்துவிட்டு மாதாமாதம் வசூலிக்கிறார்கள். அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

கேள்வி: மகன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். 1,98,000 ரூபாய் ஃபீஸை கார்டில் கட்டினால் பாயின்ட் குவியும் என்கிறார் நண்பர்.
— விவசாயி, அணைக்கட்டு

பதில்: கல்விக் கட்டணத்தைப் பல கார்டுகள் விலக்கி வைத்திருக்கின்றன. வேறு செயலி வழியாகக் கட்டினால் சில வங்கிகள் 1 சதவீதம் தனியாகப் பிடிக்கும்: 1,980, ஜிஎஸ்டியோடு 2,336. கல்லூரியின் சொந்த இணையதளத்தில் கட்டினால் வங்கி பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தளமே கார்டுக்கென்று கட்டணம் போடுகிறதா என்று கடைசிப் பக்கத்தில் தெரியும். 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தும் முன் அந்த வரியைப் படியுங்கள். பயன் ஒன்றே ஒன்றுதான்: வருஷச் செலவு இலக்கில் இந்தத் தொகையைச் சேர்க்கிற கார்டாக இருந்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாகும். அதற்காக 2,336 கொடுப்பது வேலைக்காகாது. நெட் பேங்கிங்கில் கட்டுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் கஷ்டம். 40,000 பில்லில் மினிமம் டியூ 2,000 மட்டும் கட்டினேன். அடுத்த பில்லில் வட்டி என்று இரண்டாயிரத்துச் சொச்சம் வந்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா? கேஷ்பேக் வேறு 400 வந்திருக்கிறது.
— தோல் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்

பதில்: தப்பாகத் தெரியவில்லை. உங்கள் பில்லில் இருக்கும் தேதிகளை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஜூன் 5 அன்று 40,000க்கு வாங்கியிருக்கிறீர்கள். ஜூன் 20 பில். கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 10. அன்று 2,000 கட்டினீர்கள். அடுத்த பில் ஜூலை 20.

முழுப் பணமும் கட்டாததால் வட்டியில்லாக் காலம் பின்தேதியிட்டு ரத்தாகிறது. வட்டி ஜூலை 10லிருந்து தொடங்கவில்லை. வாங்கிய ஜூன் 5லிருந்தே ஓடுகிறது. மாதம் 3.75 சதவீதம் என்றால் வருஷம் 45. 40,000க்கு ஒரு நாள் வட்டி 49 ரூபாய் 32 பைசா. ஜூலை 10 வரை 35 நாள்: 1,726. அதற்குப் பிறகு 38,000க்கு 10 நாள்: 468. ஆக 2,194. அதன்மேல் ஜிஎஸ்டி 395. சேர்த்து 2,589. நீங்கள் கட்டிய 2,000 அந்த மாத வட்டிக்கே போதவில்லை.

இதைவிட ஒரு சங்கதி பில்லில் கண்ணுக்குத் தெரியாது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. நேற்று வாங்கிய 300 ரூபாய் பிரியாணிக்கும் நேற்றிலிருந்தே வட்டி. எனவே அந்தக் கார்டை இப்போதே உள்ளே வையுங்கள். தொகையை வங்கியில் கேட்டு இஎம்ஐயாக மாற்றுங்கள், அல்லது வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக் கடன் எடுத்து இதை அடைத்துவிடுங்கள். அந்த வட்டி இதில் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். கிரெடிட் கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாதா மாதம் முழுசாகக் கட்ட முடியாதவர்களுக்கு கேஷ்பேக், ரிவார்டு என்ற கேள்வியே எழவில்லை. கட்ட மறந்துபோகும் ஆளாக இருந்தால் 'முழுத் தொகை' என்று தேர்ந்தெடுத்து ஆட்டோ டெபிட் போடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அங்கேதான் கவிழ்கிறது. கடைசி நாள் தவறினாலும் மூன்று நாளுக்குள் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கேள்வி: மருந்துக் கம்பெனி வேலை. மாதம் 80,000 கார்டில் போகிறது, வருஷத்துக்கு ஐந்தாறு முறை டெல்லி, கொல்கத்தா ஃப்ளைட் என் செலவில். எனக்கும் கேஷ்பேக்தானா?
— ஏரியா மேனேஜர், ராணிப்பேட்டை

பதில்: இல்லை. ரிவார்டு கார்டு உங்களைப் போன்றவருக்குத்தான். எப்படியும் வாங்கப்போகிற டிக்கெட்டுக்குப் பாயின்ட் போனால் அது நிஜப் பணம். வருஷம் 9,60,000 செலவில் ஆண்டுக் கட்டணமும் தள்ளுபடியாகிவிடும். செலவு இலக்கைத் தொட்டால் கூடுதல் பாயின்ட்டோ வவுச்சரோ சேரும்.

ஆனால் வங்கி சொல்கிற 50 பைசா முழுசாக வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் 5,400 ரூபாயாக இருக்கும் அதே டிக்கெட் வங்கித் தளத்தில் 5,850 இருக்கலாம். நீங்கள் 6,000 பாயின்ட் கொடுத்து 3,000 ரூபாய் கழிக்கிறீர்கள். அதில் 450 விலை வித்தியாசத்திலேயே போனது. கிடைத்தது 2,550. பாயின்ட்டுக்கு 42.5 பைசா. மாற்றுக் கட்டணம் என்று 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும் கார்டாக இருந்தால் இன்னும் குறையும். டிக்கெட் விலையில் ஒரு பகுதியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும்.

விமான நிறுவன மைல்களாக (அந்த நிறுவனத்தின் சொந்தப் பயணப் புள்ளிகளாக) மாற்றினால் சில சமயம் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்கூடத் தாண்டும். ஆனால் மாற்றிய பாயின்ட் திரும்பி வராது. நீங்கள் போகிற தேதியில் மைல்களுக்கு சீட் இருக்கிறதா என்று முதலில் தேடி, கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

பாயின்ட்டைச் சேர்த்து வைப்பது நம் ஊர்க்காரர்களிடம் இருக்கும் பழக்கம். சீட்டுப் பணம் போல, இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாயின்ட் என்பது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மாதிரி. பிஞ்சாகப் பறித்துக் குழம்பு வைத்தால்தான் ருசி; செடியிலேயே விட்டால் விதைதான் மிஞ்சும். இரண்டு மூன்று வருஷத்தில் காலாவதி என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்துவிட்டு வங்கி மதிப்பைக் குறைத்துவிடலாம். 50 பைசா 35 ஆனால் நீங்கள் சேர்த்த எல்லாப் பாயின்ட்டுக்கும் சேர்த்துத்தான் அடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள்.

இன்னொன்று. காட்பாடியிலிருந்து ரயிலில் போவதும் உங்களுக்கு அதிகம் இருக்கும். ஐஆர்சிடிசி தளத்தில் கிரெடிட் கார்டில் கட்டினால் தனிப் பரிவர்த்தனைக் கட்டணம் வரும். கேஷ்பேக் கார்டு சிலவற்றில் ரயில் டிக்கெட் விலக்கு. அதை யுபிஐயில் கட்டிவிடுவது மேல்.

கேள்வி: பெட்ரோலுக்கு எந்தக் கார்டு?
— ஷேர் ஆட்டோ ஓட்டுநர், சத்துவாச்சாரி

பதில்: இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றோடு சேர்ந்து வங்கிகள் விடும் பெட்ரோல் கார்டு மட்டும்தான் உருப்படியாகத் தரும். நீங்கள் வழக்கமாகப் போடும் பங்க் எந்தக் கம்பெனியோ அந்தக் கார்டு. மற்றக் கார்டுகளில் 'சர்சார்ஜ் தள்ளுபடி' என்பார்களே, அது வருமானம் கிடையாது. உங்களிடம் பிடித்த 1 சதவீதத்தைத் திருப்பித் தருவதுதான். அதுவும் பெரும்பாலும் 400 முதல் 5,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு மட்டும். 1,000 ரூபாய்க்கு 10 ரூபாய் பிடித்து 10 ரூபாய் திரும்பும். அதன் ஜிஎஸ்டி 1.80 திரும்பாது. 200, 300க்கு அடிக்கடி போடுபவருக்குத் தள்ளுபடியே இல்லை.

கேள்வி: நண்பர்களுக்கு என் கார்டில் போன் வாங்கிக் கொடுக்கிறேன். பணத்தை அவர்கள் ஜிபேயில் தந்துவிடுவார்கள், கேஷ்பேக் எனக்கு. இதில் தப்பு உண்டா?
— கல்லூரி அலுவலர், வேலூர்

பதில்: நண்பர் ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும் என்று ஆம்பூர்க்காரரின் கணக்கை மேலே பாருங்கள். நண்பர் தந்தாலும் இரண்டு சிக்கல். உங்கள் லிமிட் 60,000, போன் 25,000 என்றால் 42 சதவீதம் பயன்படுத்தியதாகப் பதிவாகும். 30க்குள் இருப்பதே சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. 2025 ஜனவரி முதல் இந்த விவரம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிபிலுக்குப் போகிறது. வீட்டுக் கடன் போடப்போகிற சமயத்தில் இந்த வேலை வேண்டாம். அடுத்தது, ஒரே மாதிரி போன் மூன்று நான்கு வாங்கினால் வியாபாரத்துக்கு வாங்குகிறார் என்று கேஷ்பேக்கை நிறுத்தும் உரிமை நிபந்தனைகளில் இருக்கும். போனைத் திருப்பி அனுப்பினால், வந்த கேஷ்பேக்கும் அடுத்த பில்லில் திரும்பப் போகும்.

கேள்வி: "உங்கள் 7,850 ரிவார்டு பாயின்ட் இன்று இரவு காலாவதி" என்று வாட்ஸ்அப்பில் வங்கிப் பெயரோடு வந்தது. கூடவே ஒரு ஃபைல். இன்ஸ்டால் செய்துவிட்டேன்.
— கடை உரிமையாளர், வாணியம்பாடி

பதில்: இதைப் படிக்கும் முன்பே செய்திருப்பீர்கள் என்று நம்புகிறோம், மற்ற வாசகர்களுக்காக வரிசையைச் சொல்கிறோம். அந்த ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும். முதலில் ஏரோப்ளேன் மோடு. வேறொரு போனிலிருந்து, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். கூகுளில் தேடிய எண்ணுக்கு அழைக்காதீர்கள். அங்கும் மோசடி எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. பணம் போயிருந்தால் உடனே 1930. பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுத்தான் திரும்ப இணையத்தில் விட வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஓடிபியை நீங்களே கொடுத்த கணக்கில் வந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம்; சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. சொன்னதற்குப் புகார் எண் வாங்கி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பாயின்ட் கணக்கு வங்கியின் செயலியிலும் மாத பில்லின் ஓரத்திலும் இருக்கும். அதைக் காட்ட எந்த வங்கியும் ஃபைல் அனுப்பாது.

கேள்வி: டெபாசிட் போடப் போன இடத்தில் தலையில் கட்டிய ரிவார்டு கார்டு. பயன்படுத்தவே இல்லை. மூடச் சொன்னால் "அடுத்த மாசம் வாங்க" என்று இழுக்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஊழியர், திருவண்ணாமலை

பதில்: கிளைக்கு நடக்காதீர்கள். எழுத்தில் மின்னஞ்சலோ, செயலியில் மூடும் கோரிக்கையோ போடுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 வேலை நாளில் மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி சொல்கிறது. கோரிக்கையில் இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதினாலே வேலை நடக்கும். கார்டு வந்து 30 நாளில் நீங்கள் செயல்படுத்தாமல் இருந்தால், ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் கட்டணமின்றி அவர்களே மூட வேண்டும். அதனால் 'வெறும் வெரிஃபிகேஷன்' என்று கேட்டாலும் அந்த ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், விவரத்துக்கு 14448. மூடும் முன் வரவேற்புப் பாயின்ட் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். மூடிய மறுநிமிடம் அவை போய்விடும்.